நாலு போல்டில் ஒரு எஞ்சின்

ஜூலை 19, சனி

எஞ்சின் பெட்டியை உடைத்தவர் பத்மநாதன் அங்கிள்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று காலை நான், பிரவீண், அங்கிள் என்று மூன்று பேரும் சேர்ந்து திறப்பதாகத்தான் பேச்சு. விட்பியில் பிரவீணின் கராஜுக்குள் நுழைகிறேன், மரப்பெட்டியின் மூடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. எஞ்சினைச் சுற்றியிருந்த தடித்த பிளாஸ்டிக் உறையை யாரோ மேலிருந்து கீழாக வெட்டி, வீடு மாறும்போது ஒட்டுகிற மண்ணிற டேப்பால் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். டேப்!

பிரவீணைக் கேட்டேன். "அங்கிள் வியாழக்கிழமை வந்தாரு வேரோ," என்று என் பெயரை இழுத்தார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? வியாழன் மாலையே அங்கிளின் பேஸ்புக்கில் படம் வந்துவிட்டதே. கோட், டை, திறந்த பெட்டி, எஞ்சினின் தலையில் அவருடைய கை. 'எமது சமூகத்தின் சிறகுகள்' என்று மேலே ஒரு வரி. சமூகமாம். மூன்று வருடமாக அந்தக் கராஜில் விமானத்துக்கு ரிவெட் அடித்த சமூகம் நானும் பிரவீணும்தான்.

புது எஞ்சின் சும்மா வருவதில்லை. சிலிண்டர்ச் சுவர்கள் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஓர் எண்ணெய்ப் படலம் பூசுகிறார்கள். பிளக் துளைகளில், ஈரம் உறிஞ்சும் நீலக் குருணை நிரப்பிய அடைப்பான்களை முறுக்கி, காற்றுப் போகாமல் உறையிட்டு அனுப்புகிறார்கள். குருணை நீலமாக இருந்தால் உள்ளே உலர்வாக இருக்கிறது என்று அர்த்தம். இன்று அது ரோஜா நிறத்தில் இருந்தது. இந்த ஜூலைப் புழுக்கத்தில் வேறென்ன நிறத்தில் இருக்கும்? புரொப்பெல்லர் பூட்டுகிற தண்டைச் சுழற்றக் கூடாது, சுழற்றினால் எண்ணெய்ப் படலம் அழிபட்டுப் போகும் என்று எச்சரிக்கிற மஞ்சள் அட்டை ஒன்று உண்டு. அது கட்டிய இடத்தில் இல்லை. பெட்டியின் அடியில் கிடந்தது. அப்படியென்றால் யாரோ சுழற்றியும் பார்த்திருக்கிறார். யாரோ என்ன யாரோ.

காரில் எஞ்சின் நின்றால் ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை வண்டிக்குப் போன் பண்ணலாம். மேலே எங்கே ஓரம்?

ஜூலை 20, ஞாயிறு

மழை. புது அடைப்பான்களுக்கு ஓடர் போட்டேன். டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு எஞ்சினுக்கு ஒழுங்கான உறை போட்டு மூடினேன். பிரவீண் எல்லாவற்றுக்கும் உதவினார். பாவம், அவர்தான் என்னைவிடக் கலங்கிப் போயிருக்கிறார்.

ஜூலை 23, புதன்

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றால், தரிப்பிடத்து இருக்கையின் முதுகில், வீட்டுத் தரகர் விளம்பரத்தில், அங்கிளின் சிரித்த முகம். 'உங்கள் கனவு இல்லம், என் பொறுப்பு.' அந்தப் பல்லின் மேல்தான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் மல்வேர்னில் வாடகைக்கு இருந்த டவுன்ஹவுஸை உரிமையாளர் விற்றபோது, விற்றுக் கொடுத்தவரும் இதே மாதிரி ஒரு பல்லுத்தான். அங்கிள் அல்ல, அங்கிளைப் போல ஒருவர். அம்மா அடுப்படியில் நிற்கும்போதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு சப்பாத்தோடு உள்ளே வருவார். "அன்ரி, கறி மணக்குது, ஜன்னலைத் திறந்து விடுங்கோ, பாக்க ஆக்கள் வருகினம்." அம்மா திறந்து விட்டா. பெப்ரவரி மாதப் பனியில்! இப்போது டோர்செட் பார்க்கில் பதினாலாவது மாடி. இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் வேலை செய்யாது.

"வீடு வாங்க ஏலாதவளுக்கு ஏன் விமானம்?" என்று மாமி கேட்டா. மாமி, இந்த நகரத்தில் எனக்கு வீடு கட்ட இடமில்லை. ஆனால் ஒரு ஆள் பாதிக்குமேல் தன் கையால் கட்டிய விமானத்தைப் பறக்கவிட இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. பகல் முழுவதும் காற்றுக் குழாய்க்குத் தகரம் வளைக்கிறவள் நான். அதே கை சனிக்கிழமைகளில் இறக்கை வளைக்கிறது. அவ்வளவுதான் விசயம்.

எஞ்சினுக்குக் காசு அங்கிளின் பங்கு. உழைப்பு எங்கள் பங்கு. அதனால்தான் கேட்காமல் திறந்திருக்கிறார். தன்னுடைய சாமான் என்ற நினைப்பு.

ஜூலை 26, சனி

கேட்டுவிட்டேன். எல்லோருக்கும் முன்னால்.

அங்கிள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெருவில் வீடு பார்க்க வந்தவர்களாம். வந்த கையோடு விமானத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

"அங்கிள், பெட்டியை ஏன் திறந்தனீங்கள்?"

"எந்தப் பெட்டி?"

"இந்தக் கராஜுக்கை எத்தினை பெட்டி கிடக்கு?"

அவர் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை நல்ல வேலைகாரி. ஆனா கொஞ்சம் சூடு."

"தண்டைச் சுத்தினதும் நீங்கள்தானோ?"

"நான் உதைத் திறக்கேல்லை, பிள்ளை. படம் மட்டும்தான் எடுத்தனான்."

"மூடின பெட்டிக்குள்ளை கை வைச்சோ படம் எடுத்தனீங்கள்?"

அவர் பிரவீணைப் பார்த்தார். பிரவீண் துடைப்பத்தை எடுத்து, தரையில் கிடந்த அலுமினியத் துருவலைக் கூட்டத் தொடங்கினார். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. எனக்கு ஆகும். "சனம் உள்ளுக்கை இருக்கேக்கையே வீட்டைத் திறந்து காட்டிப் பழகின ஆக்கள் நீங்கள். கேக்காமல் திறக்கிறதுதானே உங்கடை தொழில்?"

வந்தவர்களில் ஒருவர் இருமினார். அங்கிளின் முகத்தில் அந்த இருக்கைச் சிரிப்பு இல்லை.

"சரி பிள்ளை," என்றார். "நீர் சொன்னால் சரி."

போய்விட்டார். கார் ஏறும்போது மட்டும் ஒருதரம் திரும்பி கராஜைப் பார்த்தார்.

ஜூலை 27, ஞாயிறு

ஒரு சொல்லுக்கும் வருத்தமில்லை.

ஆகஸ்ட் 2, சனி

எஞ்சினுக்குள் பார்த்தோம். மெல்லிய வயரின் நுனியில் கமரா, பிளக் துளை வழியாக உள்ளே விட்டால் போன் திரையில் படம். முதல் சிலிண்டர் சுத்தம். எண்ணெய் பளபளத்தது. இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில், மேற்பகுதியில் தேநீர்க் கறை மாதிரி ஒரு மெல்லிய வளையம்.

"துருவா? துருவா அது?" பிரவீண் என் தோளுக்கு மேலால் கேட்டுக்கொண்டே இருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்த எஞ்சின் அவர் பிள்ளை மாதிரி என்று நினைத்தேன்.

நாலாவது சுத்தம். படங்களை எஞ்சின் விற்ற இடத்துக்கு அனுப்பினேன். எல்லாத் துளைகளிலும் பாதுகாப்பு எண்ணெய் அடித்து, புது அடைப்பான்களை முறுக்கினேன். நீலம். என்ன அழகான நீலம்.

ஆகஸ்ட் 6, புதன்

பதில் வந்தது. மேலோட்டமான கறைதானாம், ஓடத் தொடங்கினால் போய்விடுமாம். அதுவரை தண்டைத் தொடவேண்டாமாம். எஞ்சின் தப்பியது!

இந்த வார இறுதியிலேயே தூக்கிப் பூட்டலாம் என்றேன். பிரவீணுக்கு வேலையாம், பதினேழாம் தேதிக்குப் பிறகு பார்க்கலாமாம். அடுத்த சனியும் முடியாதாம். சரி, இருபத்துமூன்று.

ஆகஸ்ட் 23, சனி

எஞ்சின் ஏறிவிட்டது. நான்தான் ஏற்றினேன். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

கார் கராஜ்காரர் எஞ்சின் தூக்கப் பாவிக்கிற ஹொயிஸ்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நெம்பும் வேலைக்கு என் தம்பி மாக்கஸ். எங்கள் விமானத்துக்கு மூக்கில் பாரமில்லாததால் வசந்தத்திலிருந்து அது வாலில் குந்திக்கொண்டு, முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி, பிச்சை கேட்கிற நாய் மாதிரி நிற்கிறது. இறக்கைகள் இன்னும் சுவரில். இன்றைக்கு மூக்கு கீழே வரவேண்டும்.

சங்கிலி இறுகியது. பெட்டியின் அடிப்பலகை முனகியது. எஞ்சின் விரலளவு எழுந்து, ஒரு பக்கம் சரிந்து, நின்றது.

"அக்கா, இது விழுந்தா நான் லிட்டரலி பேன்கேக்."

"விழாது. கதைக்காமல் நெம்பு."

உயரத்துக்கு வந்ததும் அடியில் குனிந்து பார்த்தேன். புரொப்பெல்லர் பூட்டும் வட்டத் தட்டின் கீழ் விளிம்பில் சிவப்பு. துரு! விரலால் தேய்த்தேன். தூளாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். குங்குமம்.

"அங்கிள் பூசையும் செய்திருக்கிறார்," என்றேன்.

"ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தவரோ?" மாக்கஸ் சிரித்தான். "எஞ்சினுக்குக் கும்பாபிஷேகம், ப்ரோ!"

பிரவீண் சிரிக்கவில்லை. சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹொயிஸ்டை உருட்டிக்கொண்டு போய், மூக்கில் நிற்கிற இரும்புச் சட்டகத்துக்கு எஞ்சினின் முதுகைக் கொடுத்தோம். நாலு கால், நாலு துளை, நாலு போல்ட். மேல் இரண்டும் பிடிவாதம் பிடிக்காமல் போய்விட்டன. கீழ் இடதும் பாதி போய்விட்டது. கடைசித் துளை எப்போதும் ஒத்துவராது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒத்துவரவில்லை. நான் படுத்துக்கொண்டு, எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் நடுவில் கையை விட்டு, அதிர்வு தாங்குகிற றப்பரை அழுத்திப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் பிரவீணின் மனைவி வனஜா அக்கா தேநீர்த் தட்டோடும் போனோடும் வந்தா. போனில் மாமியார், பிரவீணின் அம்மா, ஈரோட்டிலிருந்து.

"அத்தை, பாருங்க, ஏறிட்டே இருக்கு!"

"ஏறாம எங்க போகும்?" போனுக்குள்ளிருந்து குரல், கராஜ் முழுக்கக் கேட்டது. "ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே நல்ல நேரத்துல ஒரு சுத்து சுத்தி வெச்சான்ல பிரவீணு. அதான் தடங்கல் இல்லாம ஏறுது. நான் வெக்கச் சொன்ன பொட்டு அழிஞ்சிருக்கா பாரு வனஜா. திரும்ப வெச்சுடச் சொல்லு."

மாக்கஸ் நெம்புகோலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

என் கை உள்ளே இருக்கிறது, எஞ்சின் சங்கிலியில் இருக்கிறது, மூன்று போல்டில் ஒன்று பாதியில் நிற்கிறது. எனக்குக் கத்தத் தெரியும், ஆனால் எப்போது கத்தக்கூடாது என்றும் தெரியும். "மாக்கஸ், அரை நூல் இறக்கு," என்றேன். "நில். பிரவீண், உங்கடை பக்கம் தள்ளுங்கோ. இன்னும். நில்." கடைசிப் போல்ட் தானாக வழுக்கிப் போனது. பிரவீணின் முகம் எஞ்சினுக்கு மறுபக்கம், என் முகத்திலிருந்து ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

நட்டுகளை இறுக்கி முடித்தபின் மாக்கஸ் ஹொயிஸ்டை மெல்ல மெல்லத் தளர்த்தினான். வால் எழுந்தது. மூக்கு இறங்கியது. முன்சக்கரம் தரையைத் தொட்டு, கொஞ்சம் நசிந்து, நின்றது. இப்போது பார்த்தால் அது விமானம்.

அழகாக இருந்தது. என்ன நடந்திருந்தாலும் இதை எழுதத்தான் வேண்டும். மிகவும் அழகாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று மாக்கஸ் ஹொயிஸ்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபின் பிரவீண் வாய் திறந்தான். அவன். இன்றைக்கு 'அவர்' எழுத வரவில்லை.

"எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல வேரோ. புதன்கிழமை விட்டா மறுநாள் ஆடி பொறக்குது, ஆடில எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு அம்மா வீடியோல உக்காந்துட்டாங்க. பொட்டு வெச்சு ஒரே ஒரு சுத்து சுத்துன்னாங்க."

"அட்டையை வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சேன். வாசிச்சிட்டுத்தான் சுத்தினேன். ஒரு சுத்துல என்ன ஆயிடப் போகுதுன்னு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ கத்துவ."

கத்தியிருப்பேன். அது உண்மை. ஆனால் அங்கிளைப் பார்த்து நான் கத்தியபோது? அப்போது துடைப்பம் பிடித்துக்கொண்டு நின்றாயே? 'அங்கிள் வியாழக்கிழமை வந்தாரு' என்றாயே! பொய்யில்லை, வந்தார்தான். நீ புதன்கிழமை திறந்து வைத்த பெட்டியைப் பார்க்க வந்தார். பொய் சொல்லாமலே என்னைப் பொய்க்குள் இறக்கிவிட்டாய். அதற்கும் ஒரு கெட்டித்தனம் வேண்டும்.

பதினேழாம் தேதிக்குப் பிறகு ஏன் என்று இப்போது விளங்குகிறது. ஆவணி.

சரி, நான்? பிழையான ஆளைப் பிடித்து, முழு நிச்சயத்தோடு, வாடிக்கையாளர்களுக்கு முன்னால் வைத்து நாறடித்தேன். ஏன்? எனக்கு ஒரு முகம் ஏற்கனவே தயாராக இருந்தது. பஸ் தரிப்பில் தினமும் பார்க்கிற முகம். விசாரிக்கத் தேவைப்படவில்லை.

பிரவீண் கெட்டவன் இல்லை. போன வருடம் தகரம் என் உள்ளங்கையைக் கிழித்தபோது, தன் சட்டையால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவன். அதனால்தான் இது கடினம். நாங்கள் வேலை செய்கிற முறை இது: ஒருவர் இறுக்குவார், மற்றவர் போய்ப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சொல்வார், "பார்த்தாச்சு." அந்த ஒரு சொல்லின் மேல்தான் இரண்டு பேரும் ஏறி உட்காரப்போகிறோம். எஞ்சினுக்குள் இருக்கிற துருவை நான் கமரா விட்டுப் பார்ப்பேன். 'இவள் கத்துவாள்' என்று மறைக்கிறவனுக்குள் எதை விட்டுப் பார்ப்பது?

ஆகஸ்ட் 27, புதன்

அங்கிளின் அலுவலகத்துக்குப் போனேன். ஸ்காபரோவில் ஒரு பிளாசா, பல் வைத்தியருக்கும் ரோல்ஸ் கடைக்கும் நடுவில். வேலை உடுப்போடுதான் போனேன்.

"அங்கிள், பெட்டியைத் திறந்தது நீங்களில்லை. நான் சொன்னது பிழை. எல்லாருக்கும் முன்னாலை சொன்னது அதைவிடப் பிழை."

அவர் இருக்கச் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த ரோல்ஸ் பையை என் பக்கம் தள்ளினார். "நான் போகேக்கையே அது திறந்துதான் கிடந்தது, பிள்ளை."

"அப்ப அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். திறக்கேல்லை எண்டு சொன்னனானே. நீர் நம்பினீரோ?"

இல்லை. நம்பவில்லை.

"அந்தத் தம்பி சொல்லுவான் எண்டு பாத்தன்," என்றார். "அவன் நிலம் கூட்டிக்கொண்டு நிண்டான்."

எழும்பும்போது சொன்னேன்: "ஆனா அங்கிள், சனம் இருக்கேக்கை வீட்டைக் காட்டுறதைப் பற்றிச் சொன்னது பிழையில்லை. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கேல்லை."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த இருக்கைச் சிரிப்பு இல்லை, வேறு. "அதைப் பற்றி வேறொரு நாளைக்குச் சண்டை பிடிப்பம். ரோல்ஸைக் கொண்டு போம்."

கொண்டு வந்தேன். மட்டன். நல்ல உறைப்பு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பிரவீணின் செய்தி: புகைக்குழாய்கள் வந்துவிட்டனவாம், சனி பூட்டலாமாம். வேறு ஒரு சொல் இல்லை. பதிலுக்கு, சனிக்கிழமை அங்கிளும் வருவார் என்று மட்டும் எழுதினேன்.

செப்டெம்பர் 6, சனி

அங்கிள் கோட், டை இல்லாமல் பழைய ரீசேட் போட்டுக்கொண்டு வந்தார். போன் காற்சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. விமானம் தன் முன்சக்கரத்தில் நிற்பதை முதல்தரம் இன்றுதான் பார்க்கிறார். சுற்றிச் சுற்றி வந்தார். தொடவில்லை. தொடலாமோ என்று என்னைக் கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "தொடுங்கோ அங்கிள், உங்கடைதானே," என்றேன்.

பிரவீண் குழாய்களைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, முதலாவதைப் பூட்டுவோமா என்றார். நான் முறுக்குச் சாவியைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு முதல் ஒரு விசயம். பெட்டியை ஆர் திறந்தது, தண்டை ஆர் சுத்தினது. அங்கிளின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் கத்தமாட்டன்."

கத்தவில்லை. அம்மாவோடு கதைக்கிற குரலில்தான் கேட்டேன்.

"விடும் பிள்ளை," என்றார் அங்கிள். "எஞ்சின் நல்லாத்தானே இருக்கு."

"எஞ்சின் நல்லா இருக்கு, அங்கிள். நான் கேக்கிறது எஞ்சினைப் பற்றியில்லை."

பிரவீண் குனிந்து ஒரு குழாயை எடுத்தார், வாயைத் துணியால் துடைத்தார், திரும்ப வைத்தார். "வேரோ, அந்த கேஸ்கெட் எல்லாம் எங்க வெச்சோம்?" என்றார்.

கேஸ்கெட் அவருடைய காலடியில் இருந்தது.

காத்திருந்தேன். வனஜா அக்கா உள் கதவைத் திறந்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிக்கொண்டா. அங்கிள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், தான்தான் குற்றவாளி மாதிரி.

என் ரிவெட் துப்பாக்கி, கமரா, முறுக்குச் சாவி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினேன். அது இப்போது டோர்செட் பார்க்கில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் வாய் திறந்து சொல்லும்வரை அங்கேதான் இருக்கும். அங்கிள்தான் காரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். ஒரு லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியின் ஒரு பிடியை அவர் பிடித்தார்.

புறப்படமுதல், விட்பியில் கராஜ் கதவடியில் நின்று இன்னொருதரம் கேட்டேன். பிரவீண் விமானத்தின் மூக்கில் கை வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பிரவீண், திரும்பி நிண்டு ஒருக்கால் சொல்லுங்கோ."